கம்ப்ரசருக்கு வைத்த பொட்டு

பம்மலில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். வெள்ளிக்கிழமை தோறும் மிஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் மனைவியின் வழக்கம். மூலையில் இருக்கும் காற்றுக் கம்ப்ரசருக்கும் உண்டு. அதன் வயிற்றில் எண்ணெய் அளவு பார்க்க வட்டமாக ஒரு கண்ணாடி, கண்ணாடி நடுவில் சிவப்புப் புள்ளி. பார்க்க முகம் மாதிரியே இருக்கும். அதனால் பொட்டு அங்கேதான் விழும். பழசின் மேலேயே புதுசு. வைத்த பொட்டை அழிக்க எங்களில் யாருக்கும் கை வராது.

அன்று ஓடியது ஒரு கல்யாணப் பத்திரிகை. பெண்ணின் அப்பா ஊரப்பாக்கத்திலிருந்து காலையிலேயே வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் தாம்பரத்தில் பஸ் பிடித்துப் போய், குலதெய்வத்தின் காலடியில் முதல் பத்திரிகையை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். மஞ்சள் குங்குமம்கூடப் பொட்டலமாகக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

உள்ளே, வருகிற தாளிலெல்லாம் எண்ணெய்ப் புள்ளி. வடை மடித்த காகிதம் போல. ஒன்றில் பிள்ளையார் சுழி மேல், இன்னொன்றில் பெண்ணின் பெயர் மேல்.

"மஞ்சா தடவிக்குவாங்க சார், தெரியாது" என்றார் மிஷின் ஓட்டுபவர்.

"மூலையிலதான்யா தடவுவாங்க. பொண்ணு பேரு மேலயா தடவுவாங்க?"

ரோலரைக் கழுவினோம். மையை மாற்றினோம். புள்ளி போகவில்லை.

"ஆச்சுங்களா சார்?" முன்னறையிலிருந்து குரல்.

"இதோ சார்."

இந்தப் பக்கம் திரும்பினால் மிஷின், அந்தப் பக்கம் திரும்பினால் அவர். கடைக்கு வாசல் ஒன்றுதான், அதை அடைத்தாற்போல அவர் நாற்காலி. முருகா, ஒரு தாளாவது நல்லதாகக் கொடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நின்றேன்.

தாள் ஒட்டாமல் பிரிந்து வர மிஷினில் காற்று ஊதும் குழாய் ஒன்று உண்டு. அதன் எதிரே வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தோம். பனி இறங்கினாற்போல எண்ணெய் படிந்தது. காற்றை அனுப்பும் கம்ப்ரசர்தான் காரணம்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "கண்ணாடில செவப்புப் புள்ளி வரிக்கும்தான் ஆயில் இருக்கணும் சார். மேல போச்சுன்னா காத்தோட சேந்து வந்துரும். இப்ப எங்க நிக்குது?"

எங்கே பார்ப்பது? சந்தனம் காய்ந்து ஓடு போல மூடியிருந்தது.

"எதைப் பாத்துய்யா ஊத்துன?" என்று மிஷின் ஓட்டுபவரைக் கேட்டேன்.

"எங்க சார் தெரியுது? அக்கா பொட்டு வெச்சிகினே கீறாங்க. பாவம், காயக்கூடாதேன்னு குத்துமதிப்பா ஊத்துவேன்."

"சரி, தொடை."

"கல்யாண வேல ஓடிக்கினு கீது, பொட்ட அழிக்கச் சொல்றியே சார்! உன் மிஷினு, நீயே அழி."

ஈரத்துணியோடு கம்ப்ரசர் முன்னால் நின்றேன். கை எழவில்லை. அழித்தால் அபசகுனம். அழிக்காவிட்டால் பெண்ணின் பெயர் மேல் எண்ணெய். திரும்பிப் பார்த்தால் பெண்ணின் அப்பா கதவருகே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். கறைபட்ட தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இதை எப்படி சார் சாமிகிட்ட வைக்கிறது?"

கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன்.

கண்ணாடிக்குள் புள்ளியையும் தாண்டி விளிம்பு வரை எண்ணெய். கம்ப்ரசரை நிறுத்தி, புள்ளி வரைக்கும் வடித்தோம். காற்று சேரும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால் மோர் மாதிரி கலங்கலாகக் கொட்டியது. வடிகட்டியை மாற்றி, குழாய்களைக் கழற்றி, கம்ப்ரசரை மறுபடி ஓட்டி, மிச்ச எண்ணெய் போகச் சாக்கில் ஊதவிட்டோம். அந்தப் புழுக்கத்தில், ஒவ்வொரு முறையும் சோதித்த தாளை அவரே வாங்கி டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு சார்."

மறுபடி ஊதவிட்டோம்.

"இன்னும்."

பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு தாளை மட்டும் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தலையசைத்தார்.

கோயிலுக்கு வேண்டியதை மட்டும் முதலில் அடித்தோம். மீதியை அவர் திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அங்கேயே ஒரு பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிளம்பும்போது பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

"அதுக்கும் ஒண்ணு வெச்சிடுங்க சார். வெறும் நெத்தியா நிக்குது."

குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு குனிந்தேன். பழக்கத்தில் விரல் கண்ணாடிக்கே போனது.

"மேல சார், மேல!" என்று பின்னாலிருந்து கத்தினார் மிஷின் ஓட்டுபவர்.