பத்துபஸ்தியில் ஒரு ஜப்தி

எங்கள் தீவுக் கோர்ட்டில் நான் அமீனா. தீர்ப்பு வந்தும் பணம் கட்டாதவர்களின் வீட்டுக்குப் போய்ப் பொருளை ஜப்தி செய்வது என் வேலை.

ஷாதிபூரில் இட்லிக் கடை நடத்தும் ஒரு விதவை அம்மா, கடைக்குத் தகரக் கூரை போட்டுத் தரச் சொல்லி, கையிருப்பு முழுவதையும் ஒரு வெல்டரிடம் முன்பணமாகக் கொடுத்திருந்தார். அவன் மனைவியின் ஆபரேஷனுக்காக மெயின்லேண்ட் போனதில் அது கரைந்துவிட்டது. தீர்ப்பு அம்மாவின் பக்கம்தான். ஆனால் அதை நிறைவேற்றத் தனி மனு போட வேண்டும். என்ன பொருள், எங்கே இருக்கிறது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். அதற்கே அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று.

முதல் தடவை நானும் அம்மாவும் பத்துபஸ்திக்குப் போனபோது வெல்டரின் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் காத்திருந்தோம். டிசம்பரில் இங்கே ஐந்து மணி தாண்டினாலே பொழுது சாய்ந்துவிடும். சூரியன் மறைந்தபின் வீட்டுக்குள் நுழைய எனக்கு அதிகாரமில்லை. வெல்டர் வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. திரும்பிவிட்டோம். புது வாரண்ட் வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்த தடவை காலையிலேயே போனோம். வெல்டர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். வாரண்டைப் படித்துக் காட்டினேன்.

"அந்த வெல்டிங் மிஷினை எடுங்க தம்பி," என்றார் அம்மா.

"அது தொழில் சாமான்மா. சட்டப்படி தொடக் கூடாது."

"பாத்திரமெல்லாம்?"

"சமைக்கிற பாத்திரம், படுக்கை, உடுத்துற துணி, தாலி எதையும் எடுக்க முடியாது."

"அப்போ ஸ்கூட்டி?"

வெல்டரே பதில் சொன்னான். "அது பேங்க் லோன்ல இருக்கும்மா. வீடும் சர்க்காரி ஜமீன்ல, கவர்மெண்ட் நிலத்துல நிக்குது. சச் போல்தா ஹூன், நிஜமாத்தான் சொல்றேன், வேலை கிடைச்சா குடுத்துடறேன்."

மிஞ்சியது ஒரு டிவியும் இரும்பு பீரோவும். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பீரோவிலிருந்த துணிகளைத் தரையில் அடுக்கினாள். "கண்ணாடி கழண்டு விழும் அண்ணே, பாத்துத் தூக்குங்க," என்றாள். அம்மா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நோட்டீஸ் ஒட்டிப் பதினைந்து நாள் கழித்து ஏலம். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் மட்டும் வந்தார். அவர் கொடுத்தது வண்டி வாடகைக்குக்கூடப் போதவில்லை.

"மிச்சத்துக்கு என்ன பண்றது தம்பி?"

"திரும்ப மனு போடலாம்மா. தீர்ப்புத் தேதியிலேருந்து பன்னிரண்டு வருஷம் டைம் இருக்கு."

போட்டார். பொருள் பட்டியலில் எழுத ஒன்றுமில்லாமல் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். கிளார்க் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெல்டர் குடும்பத்தோடு கேம்பல் பே போய்விட்டதாகப் போன மாதம் கேள்விப்பட்டேன். கப்பலில் போக வேண்டிய ஊர், வேறு ஜில்லா. தீர்ப்பை அங்குள்ள கோர்ட்டுக்கு மாற்ற இன்னொரு மனு போட வேண்டும். அந்த அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.