ஷொமாரி தேடிய சர்க்யூட் படம்

கரியாகோ சந்தைக்குப் பின்னால், தையல்காரர்களின் வரிசை முடிகிற இடத்தில், ஒரே மேஜையை இரண்டு பேர் பதினெட்டு வருஷம் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஷொமாரி, அந்தப் பக்கம் கிப்வானா. இரண்டு பேரையும் ஊர் ஃபுண்டி என்றுதான் கூப்பிடும். எங்கள் தாருஸ்ஸலாமில் கைவேலை தெரிந்த எவனுக்கும் அதுதான் பட்டம். ஆனால் வேலை தெரிந்தவர் ஷொமாரி மட்டும். கிப்வானாவுக்கு வாய்தான் வேலை செய்யும். வருகிறவனை ஸ்டூலில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, குடும்ப நலம் விசாரித்து, கெட்டுப்போன ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பெட்டியை வாங்கி வைப்பது அவர். அதைத் திறந்து உயிர் கொடுப்பது இவர். வந்தவன் கிப்வானாவிடம் நன்றி சொல்லிவிட்டுப் போவான். ஷொமாரி தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

இது சரியில்லை என்று நானே ஷொமாரியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"விடுடா சாண்டே," என்பார். "எனக்குப் பேச வராது. அவனுக்குச் செய்ய வராது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு. அதுல உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

நான் உலங்கா பேண்டில் இரண்டாவது கிட்டார். முதல் கிட்டார்க்காரனைப் பார்த்துப் பெண்கள் கண்ணடிப்பார்கள். இரண்டாவது கிட்டார் நின்றுபோனால்தான் அப்படி ஒருவன் இருந்தான் என்றே தெரியும். அதனாலோ என்னவோ ஷொமாரி அண்ணனோடு எனக்கு ஒட்டிக்கொண்டது.

பேண்டின் கிட்டார், டிரம்ஸ், பெட்டி எல்லாமே மதுக்கடை முதலாளி கோண்டோவுடையவை. எங்களுக்குச் சொந்தம் நாங்கள் போட்டிருக்கும் சட்டை மட்டும்தான். நோன்பு மாதம் முழுக்க ஆட்டம் கிடையாது. அந்த மாதத்தில் புதுப்பாட்டு பழகி, பெருநாளின் இரண்டாம் நாள் பிற்பகலில் அதை இறக்குவோம். ஒவ்வொரு பேண்டும் அன்று அப்படித்தான். அன்று கூட்டத்தைப் பிடித்த பேண்டுக்கு அந்த வருஷம் சோறு. எண்பத்தெட்டாம் வருஷ நோன்பின் கடைசி வாரத்தில், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், பழகிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஆம்ப்ளிஃபையர் முதலில் உறுமியது, பிறகு புகைந்தது, பிறகு வாயை மூடிக்கொண்டது.

ஷொமாரி திறந்து பார்த்தார். இரண்டு ரெசிஸ்டர்கள் கரிக்கட்டையாகக் கிடந்தன. என்ன அளவு என்று சொல்லும் வண்ணக் கோடுகள் எரிந்துபோயிருந்தன. உத்தேசமாக எதையாவது போட்டுப் பார்க்கவும் வழியில்லை. தவறிப்போனால் இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகளும் சேர்ந்து போகும், அந்த வால்வு ஊரில் வேறு எங்கும் இல்லை. அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் சர்க்யூட் படத்தை உள்பக்கப் பலகையிலேயே ஒட்டி அனுப்பியிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் வெளிறிய ஒரு கட்டமும் காய்ந்த பசையும்தான் இருந்தன.

"இங்க இருந்துச்சு," என்றார் ஷொமாரி. "ஆறு வருஷம் முன்னாடி நானே மூலையில பசை தடவி ஒட்டினேன்."

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் ஊர் ஃபுண்டிகளில் பாதிப் பேர், ஒரு பெட்டியைத் திறந்தால் முதல் வேலையாக அந்தப் படத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அடுத்த தடவை கெட்டுப்போனால் பெட்டி அவர்களிடமே திரும்பி வந்தாக வேண்டும் அல்லவா. ஷொமாரிக்கு அது பிடிக்காது. "அது பெட்டியோட பேரு, ஊரு, அப்பன் பேரு. அதக் கிழிக்கிறவன் புள்ளையத் திருடுறவன்," என்பார். நைந்துபோன படங்களை மரவள்ளிக்கூழ் தடவி மறுபடி ஒட்டி அனுப்புகிற ஒரே ஃபுண்டி எனக்குத் தெரிந்து அவர்தான்.

முதலாளி கோண்டோ குடையோடு வந்து மேஜை முன்னால் நின்றார். "பெருநாள் ரெண்டாம் நாள் இது பாடணும். பாடலேன்னா நம்ம பேண்டு வேலை மொத்தத்தையும் வேற மேஜைக்கு மாத்திருவேன். முன்னாடியே சொல்லிட்டேன், பின்னாடி மூஞ்சியத் தூக்காதே."

எங்கள் பேண்டு மட்டும் போகாது. கோண்டோ போகிற கடைக்குத்தான் மற்ற மதுக்கடைக்காரர்களும் போவார்கள். ஷொமாரிக்கு அது தெரியும். எப்போதும் பேசாத மனுஷன் அன்று பேசினார்.

"போன வருஷம் ஒரு மொம்பாசாக்காரன்கிட்ட இதத் தொறக்கக் குடுத்தீங்களே முதலாளி, அவன்தான் கிழிச்சிருக்கான். கண்டவன் கையில குடுத்துட்டு இப்ப என்கிட்ட கெடு வைக்கிறீங்க."

கோண்டோவின் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற கிப்வானா தலையை ஆட்டினார். "அவன் மேல எனக்கு அப்பவே சந்தேகம். பார்வையே சரியில்ல."

அந்தத் தலையாட்டலை நான் என் கண்ணால் பார்த்தேன்.

படத்தைத் தேடி ஷொமாரி அலைந்த அலைச்சலில் நானும் கூடப் போனேன். தொழிற்கல்லூரி நூலகத்தில் மூன்று முத்திரை வைத்த கடிதம் கேட்டார்கள். ஒரு முத்திரைக்கே ஒரு நாள் போனது. கடைசியில் அவர்கள் எடுத்துக் கொடுத்த புத்தகத்தில் தண்ணீர் பம்புகளின் படம்தான் இருந்தது. வானொலி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். அவர் இரண்டு மணி நேரம் தன் மருமகனைத் திட்டினார், எங்களிடம் படம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோன்பு, மழை, ஈரச் செருப்பு. ஷொமாரியின் உதடு வெடித்திருந்தது.

"மொரோகோரோவுல இதே பெட்டி ஒண்ணு இருக்கு," என்றார் ஐந்தாம் நாள். "ம்குடேன்னு ஒரு பையன் பாத்துக்குறான். அதுக்குள்ள படம் இருக்கும்."

கிப்வானா உடனே தடுத்தார். "மழையில ரோடு போச்சுப்பா. நோன்பு வேற. அவ்வளவு தூரம் போயி ஏமாந்து வரணுமா? விடு, நான் கோண்டோகிட்ட பேசி ரெண்டு நாள் தவணை வாங்கித் தர்றேன்."

ஷொமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடா சாண்டே, எனக்காக எப்படித் துடிக்கிறான்," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார்.

மொரோகோரோவில் ம்குடேயின் கடை ஒரு தகரக் கொட்டகை. அவனுக்கு முப்பது வயது இருக்கும். மாம்பழம் தின்றுகொண்டிருந்தவன் நாங்கள் நோன்பாளிகள் என்று தெரிந்ததும் பழத்தைப் பின்னால் மறைத்தான். ஷொமாரி தன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றான்.

"ஷொமாரி அண்ணனா? நீங்க எப்படி இவ்வளவு தூரம் வந்தீங்க? இவர்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாரா?"

"எதுக்குக் கையப் புடிக்கணும்?"

"இல்ல, கண்ணு..." என்று இழுத்தான். பிறகு பேச்சை மாற்றி, என்ன வேண்டும் என்று கேட்டான். படம் என்றதும் சிரித்தான். "அதுக்கா இவ்வளவு தூரம்? என்கிட்ட இருக்கே. உங்க கடைலதான வாங்கினேன்."

ஆணியில் மாட்டியிருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு நகலை உருவிக் கொடுத்தான். ஷொமாரி அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கீழ் மூலையில் பசை தடவிய கறை, நகலில் கறுப்பாக விழுந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்கள். ஏழு என்று எழுதினால் நடுவில் ஒரு கோடு இழுக்கிறவர் எங்கள் தெருவில் ஒருவர்தான் உண்டு. அது ஷொமாரியின் கையெழுத்து. எங்கள் பெட்டிக்குள் இருந்த அதே காகிதத்தின் நகல்.

"இத உனக்கு யாரு குடுத்தா?"

"கிப்வானா அண்ணன்தான். மூணு வருஷம் ஆச்சு. இன்னும் நெறைய படம் வாங்கியிருக்கேன். உங்களுக்குக் கண்ணு போயிருச்சு, இப்பல்லாம் அவர்தான் வேலை செய்றாருன்னு சொன்னாரு. நான் ரொம்ப வருத்தப்பட்டேன் அண்ணே."

ஷொமாரி ஒரு துண்டுக் காகிதம் வாங்கி, எரிந்துபோன இரண்டு ரெசிஸ்டர்களின் அளவை மட்டும் எழுதிக்கொண்டார். முழுப் படத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி ம்குடே கெஞ்சினான். "அது நீ வாங்கினது, உன்கிட்டயே இருக்கட்டும்," என்று திருப்பிக் கொடுத்தார்.

பஸ் பாதி தூரம் வந்ததும் என் பக்கம் திரும்பினார். "மொம்பாசாக்காரன் மேல நான் பழியப் போட்டேன்டா. கிப்வானா பக்கத்துல நின்னு தலையாட்டினான்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மகளின் நிக்காஹ்வுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கிப்வானா. அவர் அம்மாவைக் குழியில் இறக்கியவர் கிப்வானா. கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டான்.

மறுநாள் காலை மேஜையில் ஷொமாரி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மொரோகோரோவுல என் கையெழுத்தப் பாத்தேன்," என்றார், அவ்வளவுதான்.

கிப்வானா மழுப்பவில்லை. மேஜைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து வைத்தார். உள்ளே நாற்பது ஐம்பது படங்கள். எல்லாம் ஷொமாரி பழுது பார்த்த பெட்டிகளிலிருந்து, அவர் மூடிய பிறகு மறுபடி திறந்து உருவியவை.

"உனக்குக் கை இருக்கு," என்றார் கிப்வானா. "நாளைக்கு நீ படுத்துட்டா, இல்ல கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டா, எனக்கு என்ன இருக்கு? ஒரு ஸ்டூலு, ஒரு காபிக் கப்பு. பதினெட்டு வருஷமா நான் யாரு? உன் வாசல்ல நிக்கிற ஆளு. எனக்கும் ஏதாவது வேணாமா?"

"கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே."

"எனக்கு மட்டுமா குடுத்திருப்ப? போற வர்றவனுக்கெல்லாம் குடுத்திருப்ப."

"சரி. கண்ணு போச்சுன்னு சொன்னது?"

கிப்வானா டின்னை மூடினார். "அது வியாபாரம்," என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் ஷொமாரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷொமாரி தன் சால்டரிங் இரும்பையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு எங்கள் பழகும் கொட்டகைக்கே வந்துவிட்டார். பெருநாள் பிறை தெரிந்த அன்று பெட்டி பாடியது. உறுமல் இல்லை, கரகரப்பு இல்லை. வாங்கிய அன்றைக்குக்கூட அது அப்படிப் பாடியிருக்காது. முதல் கிட்டார்க்காரனே ஒரு நிமிஷம் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. நியாயம் கிடைக்கட்டும் என்று நேராகக் கோண்டோவிடம் போனேன். டின், மொரோகோரோ, கையெழுத்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். படத்தை உருவியது கிப்வானா, மொம்பாசாக்காரன் இல்லை என்று தெரிந்தால் ஷொமாரி மேல் உள்ள கோபமும் தணியும் என்று கணக்குப் போட்டேன். கோண்டோ பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ இந்த ஊர்ல இருக்கிற எல்லாப் பெட்டிக்கும் படம் இப்ப கிப்வானாகிட்டதான் இருக்குன்ற?"

"ஆமா முதலாளி. திருடி வச்சிருக்காரு."

"எப்படி வச்சிருந்தா என்னப்பா. நாளைக்குப் பெட்டி நின்னா நான் யாருகிட்ட போகணும்? படம் இருக்கிறவன்கிட்டதான். உன் ஆளே அவன் படத்தப் பாத்துதான சரி பண்ணான்?" என் தோளைத் தட்டினார். "நல்ல வேளை சொன்ன. எனக்கு இது தெரியாது."

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

பெருநாள் இரண்டாம் நாள் மழை விட்டிருந்தது. புது கங்கா துணி கட்டிய பெண்கள், சென்ட் வாசனை, வாசல் வரை கூட்டம். ஷொமாரி வெள்ளைக் கன்ஸு அங்கி போட்டு, தலையில் கொஃபியா தொப்பி வைத்து, மேடையின் ஓரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சூடாகிறதா என்று அவ்வப்போது அதன் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். முன்வரிசை மேஜையில் கோண்டோவுக்குப் பக்கத்தில் கிப்வானா உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஆட்டங்களில், பாட்டு சூடு பிடித்து வேகம் எடுக்கிற இடத்தில் பாடகன் பெயர்களைக் கூப்பிடுவான். முதலாளி பெயர், பெரிய மனுஷர்கள் பெயர், பெட்டிக்கு உயிர் கொடுத்த ஃபுண்டியின் பெயர். ஷொமாரி அதற்குத்தான் கொஃபியாவைச் சரிசெய்துகொண்டார். என் பக்கம் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

"ஃபுண்டி கிப்வானா," என்று பாடகன் கூப்பிட்டான். முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு அவன் கையில் இருந்தது. "எங்கள் பெட்டிகளின் தகப்பன், ஃபுண்டி கிப்வானா."

கூட்டம் கை தட்டியது. கிப்வானா எழுந்து மார்பில் கை வைத்துக் குனிந்தார். அவர் பெயர் ஷொமாரி கைவைத்த பெட்டி வழியாகவே, துளி கரகரப்பு இல்லாமல், வாசல் வரைக்கும் கேட்டது.

ஷொமாரி பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தார். கிப்வானாவைப் பார்க்கவில்லை, கோண்டோவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். எனக்கு முன்னாலும் ஒரு மைக் இருந்தது. பின்பாட்டு பாடுவது நான்தான். ஒரு பெயரைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும். ஆனால் கோண்டோவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தோளில் தொங்கிய கிட்டார் அவருடையது. நான் தலையைக் குனிந்து தந்திகளைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது மேடை ஓரம் காலியாக இருந்தது.

அன்று நான் ஒரு இடத்தில்கூடப் பிசகாமல் வாசித்தேன்.