கிரிவலத்துக்கு ஒரு டாஷ்போர்டு

ஹாம் ரேடியோவில் பேசுகிறவருக்கு நண்பர்கள் சேருவார்கள். யார் பேசுகிறார்கள் என்று காட்டும் டாஷ்போர்டைப் பராமரிப்பவனுக்குப் புகார்கள் சேரும். வாட்ஸப் குழுவுக்கு அட்மினாக இருந்து அவதிப்பட்டவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

எனக்குச் சோறு போடுவது திருவண்ணாமலையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. மிச்ச நேரமெல்லாம் லைசன்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் எங்கள் ஹாம் குழுவின் டிஜிட்டல் ரேடியோவுக்குத்தான். வாக்கிடாக்கியில் பேசினால், ஒரு லாட்ஜ் மாடியில் இருக்கும் ரிப்பீட்டர் அதை வாங்கி எல்லோருக்கும் அனுப்பும். பேசுகிறவர் பெயர் என் இணையப் பக்கத்தில் ஒரு வரியாக வரும். குரல் தெளிவாக இருந்தால் பச்சை, சிதறினால் சிவப்பு. தீபத்தன்று மலையைச் சுற்றும் கூட்டத்தில் செல்போன்கள் திணறிவிடும். அன்று மாவட்ட நிர்வாகத்தின் கன்ட்ரோல் ரூமில் எங்களுக்கும் ஓர் இடம் கிடைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பெயர் பார்க்கும் நோய்

கீழ்பென்னாத்தூர் ஏழுமலை அண்ணன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். ஹாம் லைசன்ஸ் வாங்கிய புதிதில் பட்டனை அழுத்துவார், விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். டாஷ்போர்டு முழுக்க அவர் பெயர்தான். ரேடியோ கெட்டுவிட்டதோ என்று பயந்து போன் செய்தேன். "ரேடியோ நல்லாத்தான் கீதுப்பா. தண்ணி கட்டிக்கினே நம்ம பேரு பச்சையா வருதான்னு பார்த்தேன், அவ்ளோதான்."

வேங்கிக்காலில் வெறும் திரை

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் ஒரு பெண் அதிகாரியிடம் டாஷ்போர்டைக் காட்ட நேரம் கிடைத்தது. எல்லோரும் தயாராக இருங்கள் என்று குழுவில் சொல்லிவைத்தேன். லேப்டாப்பைத் திறந்தால் ஒரு வரிகூட நகரவில்லை. அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஓடி ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரும் மற்றவர்களும் அவரவர் வீட்டில் டாஷ்போர்டைத் திறந்துவைத்து, யார் முதலில் பேசப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

உள்ளே வந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "வர்ற பௌர்ணமிக்கு வந்து செஞ்சு காட்டுங்க. சரியா போச்சுன்னா தீபத்துக்குப் பார்க்கலாம். அன்னிக்காவது யாராவது ஒருத்தர் பேசுங்க."

சிதறிய குரல்

பௌர்ணமி சாயங்காலம். கூட்டத்தில் அப்பாவைத் தவறவிட்டு, போன் லைனும் கிடைக்காமல், அழுதுகொண்டே ஒரு பெண் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். நீலச் சட்டை, தோளில் மஞ்சள் பை என்று ரேடியோவில் அடையாளம் சொன்னேன். கிரிவலப் பாதையில் நின்ற எங்கள் குழுவின் செல்வி டீச்சர் பதில் சொன்னார். ஆனால் வந்ததெல்லாம் தகர டப்பாவில் கல்லை உருட்டும் சத்தம்தான். அவர் வரி செக்கச்செவேலென்று இருந்தது. நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவதுதான் எங்களுக்கு எட்டவில்லை.

"டீச்சர், கொஞ்சம் கொஞ்சமா நடந்து, நின்னு நின்னு பேசுங்க," என்றேன். சிவப்பு. மறுபடி சிவப்பு. அப்புறம் ஆரஞ்சு. ஹாம் ரேடியோ என்றால் என்னவென்றே தெரியாத அந்தப் பெண் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "பச்சை வந்துடுச்சு சார்!" என்று கத்தினார். கூடவே டீச்சரின் குரல் தெளிவாக வந்தது: "நீலச் சட்டை ஐயா என் பக்கத்துலதான் இருக்காரு. அவரு தொலையலையாம். பொண்ணுதான் தொலைஞ்சிட்டாளாம், சீக்கிரம் தேடிக் குடுங்கன்னு என்னை விரட்டறாரு."

அந்தப் பெண் அழுதபடியே சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. லேப்டாப்பைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்த அதிகாரி சொன்னார்: "தீபத்துக்கு உங்களுக்குத் தனி மேஜை. யாரு உக்காரப் போறாங்கன்னு மட்டும் பேர் குடுத்துடுங்க."

அந்த ஒரு பெயருக்காகக் குழுவில் இப்போது நடக்கிற சண்டையைப் பார்த்தால், நாங்களும் ஒரு முறையான அமைப்பாகிவிட்டோம் என்றே தோன்றுகிறது.