சேவியர் பார்த்த டியூடர் வீடு

சேவியர் ஊரில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, யாருக்கு எந்தக் கட்டில் என்று நான் பிரித்துக்கொண்டிருந்தேன். துபாயின் ஜெபல் அலியில் எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்புக்கு நான்தான் பொறுப்பு. கிடங்கு ஃபோர்மேன் சேவியர் லீவில் தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தார். நெஞ்சுவலியாம். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து பிளாக்கிலும் அது கேட்கும்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவருடைய அறையில் ஒரு கட்டிலைக் குறைக்க வேண்டும். ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. நான் எப்போதும் "பாக்கலாம்" என்பேன். "முடியாதுன்னு சொல்லிருங்க சார், தாங்கிக்கிடுவேன். பாக்கலாம்னு மட்டும் சொல்லாதிய" என்பார்.

ஒருமுறை கம்பெனி எங்கள் இருவரையும் பயிற்சிக்காக இங்கிலாந்தில் ஒரு துறைமுக நகரத்துக்கு அனுப்பியது. விடுமுறை நாளில், ஷாப்பிங் மாலுக்கும் கார் பார்க்கிங்குக்கும் நடுவே பாதுகாத்து வைத்திருந்த நானூறு, ஐந்நூறு வருடம் பழைய டியூடர் மன்னர் காலத்து மரவீட்டை டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போனோம். கூரைக்கு அடியில் வேலைக்காரர்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்த அறையைக் காட்டினார் வழிகாட்டி அம்மையார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். என்னுடையது சற்று உரக்கவே கேட்டது.

"மனுஷங்கள இப்படியா அடைச்சு வைப்பாங்க!" என்றேன்.

சேவியர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "நம்ம ரூம்ல இதவிட ஆளு கூட சார். அதுக்கு ஏன் நீங்க டிக்கெட்டு போட மாட்டேங்கிய?"

அவர் சிரித்த சிரிப்பில் பழைய பலகைகள் அதிர்ந்தன. நண்பர் என்ன சொல்கிறார் என்று அம்மையார் ஆவலாகக் கேட்டார். மரவேலை அழகாக இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் மகிழ்ந்துபோனார். அந்த அளவு ஆங்கிலம் சேவியருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

அதன்பின் நான் "பாக்கலாம்" என்னும்போதெல்லாம் அவர் "மரம் அழகுதான் சார்" என்பார். புதிதாக வந்தவர்கள் அதை ஏதோ பாராட்டு என்று நினைத்தார்கள். அந்தப் பயணத்தால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த மரவீட்டின் படத்தைச் சட்டம் போட்டு என் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று துக்கம் விசாரிக்க அவருடைய அறைக்குப் போனேன். வேறு இடமில்லாததால் அவர் கட்டிலில்தான் உட்கார வேண்டியிருந்தது. அவருடைய ஊர்க்காரர் ரூபன் சொன்னார்: "அண்ணன் கட்டில எடுத்துருங்க சார். புது ஆள போட்டுறாதிய. அவரு கேட்டதுதானே."

சேவியர் கேட்ட இடத்தைச் சேவியரே காலி செய்து கொடுத்திருந்தார். நான் சரி என்றால் போதும். வாயைத் திறந்தேன். "பாக்கலாம்" என்றுதான் வந்தது.

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் இப்போது இல்லை. "மரம் அழகுதான் சார்" என்ற வாக்கியம் இனி என்னிடம்தான் இருக்கிறது. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும்.