வெந்நீர்க் குழாய்க்குப் போட்ட படைப்பு

ஒரு வெந்நீர்க் குழாய்க்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, வடை பாயசத்தோடு படைப்புப் போட்டவன் நான். இதைச் சொல்லாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் மனைவி நான் இல்லாத கல்யாண வீடுகளிலெல்லாம் இதைச் சொல்லிவருகிறாள் என்று தெரிந்தபின், அவள் கைச்சரக்கு கூடுவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன். ஊர் உலகமெல்லாம் பச்சைத்தண்ணீரில் தலையைக் கொடுக்க ரயிலேறி வந்துகொண்டிருந்தபோது, மூன்று மைல் தள்ளித் தென்காசியில் நான் வெந்நீருக்கு மின்சார யந்திரம் மாட்டினேன். தெருமுனைக் கடைக்காரர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, அப்படியே அருவிக்கும் ஒண்ணு மாட்டிருவமா?"

எனக்கு வேறு வழியில்லை. என் மனைவிக்கு இளைப்பு. சாரல் விழுந்தால் பச்சைத்தண்ணீர் ஆகாது. வெந்நீர் போட விறகைப் பற்றவைத்தால் புகை அதைவிட ஆகாது. போன வருஷம் இரண்டு மாதம் மதுரையில் அவள் அண்ணன் வீட்டில் கிடந்தாள். திரும்பி வந்தவள் ஒன்றுதான் சொன்னாள்: "வருசா வருசம் பார்சல் மாரி அனுப்பப் பாக்கேளா? இன்னொரு தடவ போனா வரமாட்டேன், பாத்துக்கிடுங்க." அவள் விளையாட்டாகச் சொல்வது எது, நிஜமாகச் சொல்வது எது என்று பதினெட்டு வருஷத்தில் கற்றிருந்தேன். அது நிஜம்.

செங்கோட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் துரை சீமைக்குக் கிளம்பும்போது சாமான்களை ஏலம் போட்டார்கள். அங்கே எடுத்தேன். வெள்ளை எனாமல் பூசிய, முழ நீள உருளை. நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு. மாட்ட வந்த செங்கோட்டைக்காரர் அதைத் தடவிக்கொண்டே பாதி மலையாளத்தில் சொன்னார்: "சாரே, இதுக்கு வயிறு கிடையாது. ஒரு சொட்டு சேத்து வைக்காது. வெள்ளம் ஓடினா முழிக்கும், நின்னா உறங்கும். நம்ம தொடவே வேண்டா."

குழாய்ப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டலாம் என்றார் அவர். நான் அந்த விஷயமாக இரண்டு புத்தகம் படித்திருந்தேன். மாடித் தொட்டியிலிருந்து குழாய் இறங்குகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். "இங்கனயா சாரே?" என்றார். "இங்கனதான்" என்றேன். படித்தவனிடம் வாதாடக் கூடாது என்று அவர் படித்திருந்தார்.

நாலு நாள் சுகமாகப் போயிற்று. அவள் குளித்துவிட்டு மூச்சு வாங்காமல் வந்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூன்று மணி. சாரலில் வீடு இருட்டிக் கிடந்தது. நான் கூடத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். குளியலறைப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம். பிறகு ஒரு செருமல். ஒன்று. இரண்டு. மூன்று.

"ஏங்க, உள்ள யாரு குளிக்கா?" என்று கேட்டபடி என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். அவள் இங்கே இருந்தாள், நான் இங்கே இருந்தேன். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. தரை காய்ந்திருந்தது. குழாய் இறுக மூடியிருந்தது. மேலே அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே எதுவோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு இரைச்சல். நாங்கள் பார்க்கப் பார்க்க, விளக்கு கண்ணை மூடிக்கொண்டது.

"மாமா மாரி இருக்குல்லா?" என்றாள் மெதுவாக.

அதைத்தான் நான் நினைக்காமலிருக்க முயன்றுகொண்டிருந்தேன். என் அப்பா மாலையில் கோயிலுக்குப் போகுமுன் மூன்று மணிக்குக் குளிப்பார். முதல் சொம்பை ஊற்றுமுன் மூன்று தடவை செருமுவார். அவர் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாளும் மூன்று மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும். ஒரு காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, யாரோ பக்கத்தில் நின்று பங்கு கேட்பதுபோல் தண்ணீர் பாதியாகச் சுருங்கியது. அவள் சோப்புநுரையோடு வெளியே ஓடிவந்து, "நா இனிம உள்ள போகமாட்டேன்" என்றாள். யந்திரத்தைக் கழற்றலாம். கழற்றினால் மதுரை. அன்று சாயங்காலம் பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கிவிட்டது.

குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் பாகம். அப்பா போனபின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தோம். எதற்காகச் சண்டை போட்டோம் என்று இப்போது நினைவில்லை, அப்போதும் சரியாக நினைவில்லை. அண்ணன் தன் வாசலைப் பூட்டிவிட்டுக் கடையத்தில் வேலைக்குப் போனார். ஆறு வருஷம் பேச்சில்லை. நான் போய் அந்தப் பூட்டையும் பார்த்தேன். துருப்பிடித்த பூட்டின் மேல் சிலந்தி வலை அப்படியே இருந்தது.

"மாமாவுக்கு நாம வருசத்துக்கு ஒரு நாளாவது ஒழுங்கா படைச்சிருக்கமா?" என்றாள் மனைவி. நூலகக் கூட்டத்தில் மூடநம்பிக்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கியவன் நான். டிரங்குப் பெட்டியைப் பார்த்தேன். வாழை இலை வாங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன்னால் குளியலறையில் இலை விரித்தோம். சோறு, வடை, பாயசம். படைக்கிறதை ருசி பார்க்கக் கூடாது என்பதால் வாயில் வைக்காமலே சமைத்திருந்தாள். பக்கத்தில் சீயக்காய்ப் பொடி, ஒரு புதுத் துண்டு. சூடத் தட்டோடு நான் அந்த எனாமல் உருளைக்கு முன்னால் நின்றேன். வெளியே சாரல். கதவுக்குப் பின்னால் என் மனைவியின் மூச்சுச் சத்தம்.

விளக்கு கண் திறந்தது. செருமல். ஒன்று. இரண்டு. மூன்று. தண்ணீர் ஓடியது. நின்றது.

எனக்கே கேட்காத குரலில் ஆரம்பித்து, பயத்தில் கத்தி முடித்தேன்: "அப்பா, குளிச்சிட்டு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க!"

உருளையின் அடியிலிருந்து அப்பாவின் குரல் சொன்னது: "குளிச்சாச்சுலே. தலையத் துவட்டிட்டு வாரேன்."

தட்டு என் கையில் இல்லை. சூடம் தரையில் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, பிறகு புறவாசல் கதவை யாரோ தட்டினார்கள். என் மனைவிதான் திறந்தாள். அவளுக்கு என்னைவிடத் தைரியம்.

குடைக்குக் கீழே, ஈரத்தலையில் துண்டை அப்பா கட்டுகிற மாதிரியே கட்டிக்கொண்டு, அப்பாவின் முகத்தோடு என் அண்ணன் நின்றார்.

அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். எங்கள் இரண்டு வாசலும் அடுத்தடுத்து இருப்பதால், என் முகத்தில் முழிக்க வேண்டாமென்று முன்கதவைத் திறக்காமல் பின்சந்து வழியாகவே பத்து நாளாகப் புழங்கியிருக்கிறார். சந்துக்காரர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் எங்கள் பகை ஊரறிந்தது. எங்கள் முன்னால் அவர் பேச்சை எடுப்பது மரியாதையில்லை என்று யாரும் வாய் திறக்கவில்லை. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஒன்றுதான். என் சாக்பீஸ் வட்டத்துக்குக் கீழேதான் அது இரண்டு பாகத்துக்கும் பிரிந்தது. அவர் குழாயைத் திறந்தால் என் யந்திரம் முழிக்கும். சுவரில் குழாய் நுழைகிற ஓட்டை வழியாகக் குரல் வரும்.

அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். "முத நாளே நெனச்சேன்" என்றார் என்னைப் பார்க்காமல். "தம்பிக்கு வாய் வரல, வெந்நி வருது. என்னைக்காவது கூப்பிடுவான்னு இருந்தேன்." நான் முனகிய 'அப்பா' மட்டும் சுவரைத் தாண்டவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் எதையும் திருத்தவில்லை. இலையைக் காலி செய்துவிட்டுப் போனார்.

டிரங்குப் பெட்டி பரணுக்குத் திரும்பியது. காலை வெந்நீர் எங்களுக்கு, மத்தியானம் அவருக்கு என்று ஏற்பாடு. அந்தச் சாரல் முழுக்க என் மனைவி வீட்டில்தான் இருந்தாள். ஆவணியில் ஒரு நாள் நான் குளிக்கப் போய், தலையில் முதல் சொம்பைக் கவிழ்க்கப் போனபோது வெளியே அவள் பேச்சு பாதியில் நின்றது. கதவைத் திறந்து என்னவென்று கேட்டேன். "நீங்களும் மூணு தடவ செருமுதிய" என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது.

சீசன் முடிந்தபின் மனசு கேட்காமல் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அன்று நான் கூப்பிட்டது அவரை இல்லை, அப்பாவை என்று. கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன்.

"அதானா வடையில உப்பு இல்ல?" என்றார். "அப்பாவா இருந்தா எலைய மடக்கிட்டு எந்திரிச்சிருப்பாவ. நல்ல வேள, நா வந்தேன்."