அடுத்த கட்டிலின் பெயரில் ஓர் அர்ச்சனை

அம்மனை நம்பியவர்களே, எனக்குக் கிடைத்த அருளைச் சொல்லும்போதே தலை குனிகிறது. முழுவதும் கேளுங்கள்.

போன ஆடியில் என் மனைவி சரசுவின் காலில் வந்த சின்னப் புண் அழுகி, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. எங்கள் ஊர் பீடோரிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொடுத்த எந்த மருந்துக்கும் கிருமி சாகவில்லை. கால் போகும், உயிரும் போகலாம் என்றார்கள். நான் உடைந்து போனேன்.

டாக்டரம்மா சொன்னார்: "அண்ணே, புது ஆன்டிபயாடிக் ஒன்னு சோதிக்கிறோம். சிலருக்குப் புதுசு, சிலருக்கு இப்ப இருக்கிறதுல கடைசியா கொடுக்கிற பழைய மருந்து. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். எங்களுக்கே தெரியாதுலா."

சம்மதித்தோம். அடுத்த கட்டிலில் இருந்த சீன அம்மாவுக்கும் அதே கிருமி, அதே சோதனை. ஒரு கட்டிலுக்குப் புதுசு என்றால் மற்றதற்குப் பழசு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். சரசு பெயர், ரோகிணி நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தேன். பால்குடம் நேர்ந்துகொண்டேன். "ஆத்தா, புதுசு எம் பொண்டாட்டிக்கு வரட்டும். பழசு அந்தப் பக்கம் போவட்டும்." இப்படியும் ஒரு வேண்டுதல்!

திரும்பி வந்து சரசுவின் நெற்றியில் திருநீறு பூசினேன். பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கணவர், என் மனைவியின் பெயரை மலாய் மொழியில் கேட்டார். எதற்கு என்றேன். காலையில் சீனக் கோயிலில் ஊதுவத்தி ஏற்றியபோது சரசுவுக்கும் சேர்த்து, பெயர் தெரியாமல் 'பக்கத்துக் கட்டில்' என்றே வேண்டிக்கொண்டாராம். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர் மனைவியின் பெயரை நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் கேட்டேன்.

சரசுவுக்குக் காய்ச்சல் விட்டது. கால் தப்பியது. அந்த அம்மாவும் பிறகு எழுந்து உட்கார்ந்தார். யாருக்கு எந்த மருந்து என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"சோதனை முடியுற வரைக்கும் தெரியாதுண்ணே."

இன்றும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாவைக் கைவிடச் சொன்ன என் பாதி வேண்டுதலை ஆத்தா காதில் வாங்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதற்குத்தான் அதிகம் அழுதேன்.

பால்குடம் எடுத்த அன்று இரண்டு அர்ச்சனை சொன்னேன். சரசுவுக்கு அடுத்து, "மெய் லிங்."

"நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

"தெரியாது சாமி."

"அப்ப அம்மன் பேர்லயே செஞ்சிடலாம்லா."

வெட்கம் இன்னும் போகவில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள், தருவாள். கோயிலுக்குக் கிளம்பும் முன் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பெயரையும் கேட்டுக்கொண்டு போங்கள்.