கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போன பூங்காவனம் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தபோது செல்போன் அடித்தது. பேசியவர் பூங்காவனம் அக்காவின் தங்கை. "சார், அக்கா பூட்ச்சி. ஞாயித்துக்கெழமையே எடுத்துட்டோம். யார் யாருக்குச் சொல்றதுன்னு தெரியல" என்றார். சேலையூரில் எங்கள் காலனிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மீன்கூடை சுமந்து வந்தவர் இறந்த செய்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களில் ஒருவருக்கு வந்து சேர்ந்தது. அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்த அப்பாவை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டுதான் நானும் என் மனைவியும் வேலைக்குப் போவோம். ஒருநாள் அவர் குளியலறையில் விழுந்துவிட்டார். மீன் விற்க வந்த அக்காவின் காதில்தான் முனகல் விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுப் பின்கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார். நான் ஓடி வந்தபோது அப்பாவுக்கு வேட்டி மாற்றிவிட்டு, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மனுசன உள்ள வச்சிப் பூட்டிகினு போற? சாவிய யார் கைலயாச்சும் குட்த்துட்டுப் போ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மறுநாள் அவரிடமே கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் கவனித்தேன், மீன் வாங்காத வீடுகளுக்கும் அவர் போய்க்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். மகன் அமெரிக்காவில். சைவக் குடும்பம். முதலில் அக்காவை வாசல் கேட்டுக்குள் விடவில்லை. "மீன் வாங்க வாணாம்மா. மூஞ்சிய காட்டு, பாத்துட்டுப் போறேன்" என்று அக்கா தெருவிலேயே நிற்பாராம். பிறகு கூடையை வெளியே வைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, உள்ளே போய் டீச்சருக்குக் கால்நகம் வெட்டிவிடும் அளவுக்கு ஆனது.

காலனி சங்கக் கூட்டம் ஒன்றில் முதியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நல்ல இல்லங்கள் வந்துவிட்டன என்றார் ஒருவர். சம்பளத்துக்கு ஆள் போடலாம் என்றேன் நான். டீச்சரைக் கைப்பிடித்து அழைத்து வந்திருந்த அக்கா வாசலில் நின்றபடி சொன்னார்: "ஆளு போட்டா வேல நடக்கும் சார். பேசுறது யாரு? நீங்கல்லாம் எதிர்லயே கீறீங்க, ஒர்த்தரும் எட்டிப் பாக்கறதில்ல." முறை வைத்துப் போய்ப் பார்ப்பதென்று அன்றே முடிவு செய்தோம். மூன்று வாரம் நடந்தது. அப்புறம் பிள்ளைகளுக்குப் பரீட்சை, எங்களுக்கு வேலைக்கு ரயில் பிடிக்கும் அவசரம். அக்கா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் அவர் வருவது நின்றது. கடல் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அவர் எந்த மீனவக் குப்பம் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா தினமும் கேட்கவே, கேம்ப் ரோட்டில் மீன் விற்பவர்களிடம் விசாரித்துக்கொண்டு மூன்றாம் வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்குச் சர்க்கரை நோய். நடந்து நடந்து காலில் வந்த புண்ணைத் துணி சுற்றி மறைத்தபடியே எங்களிடம் வந்துகொண்டிருந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"ஐயாவுக்கு வயித்தால போனது நின்னுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "நான் வராத நாள்ல யாரு சார் பாக்குறாங்க?"

"மாத்தி மாத்தி எல்லாரும் பாத்துக்கறோம்க்கா" என்றேன்.

"அப்டியா? அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னது பொய். அடுத்த ஞாயிறு அப்பாவை அழைத்து வருகிறேன் என்றும் சொன்னேன். அந்த ஞாயிறு உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்கடுத்த ஞாயிறு போகலாம் என்றிருந்தேன். அன்று விடியும்போதே அவர் போய்விட்டார்.

நேற்று குப்பத்துக்குப் போய் அவருடைய தங்கையைப் பார்த்தேன். கடைசி நாட்களில் அக்கா தன் பேரப்பிள்ளைகளோடு சேர்த்து நம் வீட்டு ஆட்களையும் பேர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். தங்கை விரல் மடக்கிச் சொன்னார். என் அப்பா. டீச்சர். செம்பாக்கம் ஏரிப்பக்கத்து வயதான தம்பதி. அப்புறம், "மாடிப்படி அம்மா". "ரேடியோக்காரரு".

கடைசி இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை. அக்கா எனக்கு விட்டுப்போனது இந்த இரண்டு பேரைத்தான். இங்கே ஏதோ ஒரு தெருவில் அவர்கள் இன்னமும் கதவருகே வந்து பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். உங்கள் பக்கம் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவர் இனி வரமாட்டார் என்பதை நான் நேரில் போய் அவர்களிடம் சொல்ல வேண்டும்.